மதிலுக்கு அந்தப் பக்கம் தொங்கிய புடலங்காய்

தொண்ணூறுகளின் தொடக்கம். திருகோணமலையில் துறைமுகத்துக்கு இறங்கும் வீதியிலிருந்து பிரிகிற ஒரு குறுகிய ஒழுங்கையில், பாதி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி அதிக காலமில்லை. கணவருக்கு அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை. சண்டையில் ஊர் பாதி காலியாகிப் போய், போனவர்களில் சிலர் திரும்பியும் பலர் திரும்பாமலும் இருந்த நாட்கள்.

பாதி வீடு என்றால் வளவும் பாதிதான். பின்பக்கம் சீமெந்து போட்ட ஒரு துண்டு முற்றம். இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும். மூதூரிலிருந்து லோஞ்ச் படகு வந்தால் சந்தையில் கத்தரிக்காய் உண்டு. வராவிட்டால் பருப்பும் சம்பலும்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பால்மா ரின், ஓட்டைப் பேசின், வாய் உடைந்த குடம், சீமெந்துச் சாக்கு என்று அகப்பட்டதிலெல்லாம் மண் போட்டு நட்டேன். ஒழுங்கையில் மாடு போனால் வாளியோடு நானும் பின்னால் போவேன், சாணி அள்ள. சனம் சிரித்தது. சிரிக்கட்டும், என் மிளகாய் காய்த்ததா இல்லையா? பொன்னாங்காணியும் வல்லாரையும் கிள்ளக் கிள்ளத் தழைத்தன. சுவாமிக்கு ஒரு நந்தியாவட்டையும் ஓரத்தில் நின்றது. இவற்றுக்கெல்லாம் ராஜா, பாதியாக வெட்டிய தார்ப் பீப்பாவில் நட்டிருந்த புடலங்கொடி. உடுப்புக் காயப்போடும் கயிற்றைப் பிடித்து ஏறி அது முற்றத்தையே மூடிவிட்டது.

அந்தக் கொடிக்கு விதை தந்தவர் அடுத்த வீட்டு அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. கணவர் இல்லை. உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு மகன். இரண்டு முற்றத்துக்கும் நடுவில் ஆளுயர மதில். உரலைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் நான் ஏறி நின்றால் இருவரும் கதைக்கலாம். அக்கா வீட்டு முன்வாசலில் சட்டி சட்டியாக ரோசாவும் குரோட்டனும் அந்தூரியமும் இருக்கும். தெருவால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அவருக்குச் செடி என்றால் உயிர். கவனமில்லாமல் வளர்ப்பவர்களைக் கண்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் சின்னக் கல்லொன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் பாரத்துக்கு நேராக நீளும், இல்லாவிட்டால் சுருண்டுவிடும். இது தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. தெரிந்தும் செய்யாத சோம்பேறி நான் ஒருத்திதான்.

"நீங்கள் காய் வளக்கிறியளோ, பாம்பு வளக்கிறியளோ?" என்று மதிலுக்கு மேலால் கேட்பார் அக்கா. சுருண்டாலும் கறி கறிதானே என்பேன். தலையில் அடித்துக்கொண்டு, தன் பழைய சேலைக்கரையைக் கிழித்து அவரே கட்டிவிடுவார்.

கட்டுவாரே தவிர ஒரு காய் பிடுங்கமாட்டார். கொடி மதில் தாண்டிப் போனாலும் காய் நட்டவருடையது, அவர் கையால் தந்தால்தான் மற்றவர் எடுக்கலாம் என்பது எங்கள் ஒழுங்கை வழக்கம். அக்கா அதில் மகா கண்டிப்பு. தன் தலையில் இடிக்கிற காயைக்கூட நான் வந்து பிடுங்கித் தரும்வரை தொடமாட்டார்.

ஒரு நாள் சந்தியில் ராணுவம் நடத்திய சுற்றிவளைப்பில் அந்த மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். விடவில்லை. அக்கா ஏறாத படியில்லை, கும்பிடாத ஆளில்லை. லிங்கநகரில் இருந்த அவருடைய அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேற ஆயத்தமானார். தங்கச்சியையும் கட்டாயம் கூட்டிப் போவேன் என்று வந்து நின்றார். அந்தக் கிழமை நாங்கள் மட்டக்களப்பில் ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் அக்கா வீட்டு முன்கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்கு மனத்தாங்கல். அது ஆறுவதற்குள் செய்தி வந்தது. அண்ணன் குடும்பம் ஏறிய படகு கடலில் கவிழ்ந்துவிட்டது, ஒருவரும் மிஞ்சவில்லை என்று. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

அதன் பிறகு அந்த வீட்டைப் பார்க்கவே மனம் வராது. முன்வாசல் சட்டிகள் ஒவ்வொன்றாகக் கருகின. முதலில் அந்தூரியம், பிறகு ரோசா, கடைசியில் சாகவே சாகாத குரோட்டன்கூட இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. என் புடலங்கொடிக்கு இந்தத் துக்கமெல்லாம் தெரியுமா? வெயில் எங்கேயோ அங்கே போகும். மதில் தாண்டி அக்கா முற்றத்துக்குள் இறங்கி, அங்கேதான் வஞ்சகமில்லாமல் காய்த்தது.

ஒரு காலை, சமைக்க ஒன்றுமில்லை. உரலில் ஏறி மதிலுக்கு மேலால் கையை விட்டு ஒரு காயை இழுத்தேன். கை வழியே பாரம் இறங்கியது. பார்த்தால், நுனியில் கல் கட்டியிருந்தது. காய் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

நான் கட்டவில்லை. கணவருக்குக் கல்லுக் கட்டவும் தெரியாது, கட்டென்றால் கட்டவும் மாட்டார். பளபளவென்று வெயில் எறிக்கிற நேரத்தில், உரலுக்கு மேல் நின்றபடியே எனக்கு உடம்பு சில்லிட்டது. கல்லைச் சுற்றியிருந்த துணி மாம்பழ நிறத்தில் மெரூன் கோடு போட்ட சேலைக்கரை. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அக்கா கோயிலுக்கு வந்து நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்!

கணவரிடம் சொன்னேன். அக்கா முன்னர் கட்டியது இப்போதுதான் உன் கண்ணில் பட்டிருக்கிறது என்றார். அக்கா போனபோது கொடியின் இந்தக் கிளை மதிலையே தாண்டவில்லை, இந்தக் காய் பூவாகக்கூட இருந்திருக்காது என்றேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழி சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருண்டதா? வெட்டை வெளிச்சத்தில் தொங்குகிறது என்று பின்னால் கத்தினேன்.

அடுத்த நாட்களில் புதிதாக விட்ட பிஞ்சுகளுக்கும் கல் வந்தது. எல்லாம் ஒரே கை, ஒரே முடிச்சு, ஒரே சேலைக்கரை. கள்ளன் என்றால் காயைப் பிடுங்கியிருப்பான். ஒன்றும் குறையவில்லை. எனக்கு எட்டாத தூரத்தில் தொங்கியவை முற்றிப் பழுத்து, சிவந்து, வெடித்து விழுந்தன. யாரோ வருகிறார்கள், பக்குவமாகக் கல்லைக் கட்டுகிறார்கள், ஒன்றையும் தின்னாமல் போகிறார்கள். பசிக்காதவர்கள் யார்?

ஒரு மத்தியானம் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். காற்றென்று ஒரு பொட்டு இல்லை. மதிலுக்கு மேலால் தெரிந்த கொடி மட்டும் மெல்ல ஒரு தரம் இழுபட்டு நின்றது. "ஆரது?" என்று கேட்டேன். ஓடிப்போய் உரலில் ஏறிப் பார்த்தேன். தொங்கிய காய்களெல்லாம் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஒரு குருவிகூட இல்லை. பின்கதவு சாத்தியபடி கிடந்தது. கிணற்றடியிலிருந்து ஈர மண் வாசம் வந்ததுபோல் இருந்தது. மழை பெய்து மாதக்கணக்கு.

அன்றைக்குக் கணவரும் வந்து பார்த்தார். பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. வேறு வீடு பார்ப்போம் என்றார். அந்தக் காலத்தில் வேறு வீட்டுக்கு எங்கே போவது?

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அக்காவுக்கு எட்டுச் செலவு செய்ய ஆளில்லை. செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைத்து, மனம் ஆறிப் போங்கள் என்று சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். அக்காவின் சனமெல்லாம் சேர்ந்து போய்விட்டது. பிள்ளை எங்கே என்று தெரியாது. யார் படைப்பார்கள்? அதுதான் அக்கா போகமுடியாமல் நிற்கிறார் என்று முடிவெடுத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முழுகிவிட்டுச் சமைத்தேன். சோறு, புடலங்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். எங்களுக்கே அன்று அவ்வளவு இல்லை. வாழையிலையில் பரிமாறி மதிலுக்கு மேல் வைத்துக் கற்பூரம் கொளுத்தினேன். பிறகு அழுகை வந்துவிட்டது. உங்களையும் அண்ணனையும் அந்தக் குஞ்சு குருமானையும் கடல் கொண்டுபோட்டுதே அக்கா, உங்களுக்கு விருப்பமானதுதான் எல்லாம், வந்து சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போங்கோ என்று வாய்விட்டு ஒப்பாரியே வைத்துவிட்டேன். பிறகு வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். காகம் எடுத்தால் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

வெகுநேரம் கழித்து வந்து பார்த்தேன். இலை காலி. ஒரு பருக்கை இல்லை. அப்பாடா என்று வாய் சொல்லி முடிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டது. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் செய்வதுபோல் இலை நடுவால் மடித்திருந்தது. காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்.

காகம் இலை மடிக்குமா?

அன்றைக்குப் படுத்தவள்தான், மறுநாள் விடியும்போது காய்ச்சல் கொதித்தது. எழும்பவே மனமில்லை. ஆனால் விடியும்போதே ஒழுங்கையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஆண்களையெல்லாம் சந்திக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கி கூப்பிட்டது. கணவர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போனார். பெண்கள் வீட்டிலேயே நிற்க, வீடு வீடாகச் சோதனை நடந்தது.

எங்கள் முற்றத்துக்கு வந்தவன் ஒரு இளவயசுப் பெடியன், படைச் சட்டை தோளில் தொளதொளத்தது. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு என் ரின்களையும் சாக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். மிளகாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு உரலில் ஏறி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அந்த வீட்டில் யார் என்று உடைந்த தமிழில் கேட்டான். ஒருவருமில்லை, கடலில் செத்துப்போனார்கள் என்றேன்.

"எங்கட அம்மாவும் கல் கட்டும். அந்தப் பக்கம் யார் கட்டுறது?"

பேய் கட்டுகிறது என்று சொல்லவா முடியும்? அடுத்த வீட்டில் ஆள் ஒளிந்திருப்பதாக நினைத்தால், சந்தியில் நிற்கிற என் மனிசன் வீடு திரும்பமாட்டார். நான்தான் கட்டுகிறேன் என்றேன்.

"கட்டிக் காட்டுங்க."

அவன் இறங்கி உரலை விட்டு விலகி நின்றான். உடுப்புக் கயிற்றில் கிடந்த என் பழைய சட்டைத்துணியில் ஒரு ஓரத்தைக் கிழித்தேன். பீப்பாவடியில் ஒரு கல்லைப் பொறுக்கினேன். உரலில் ஏறி, மதிலில் வயிற்றை அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் குனிந்து, கல்லில்லாத ஒரு பிஞ்சைப் பிடித்தேன்.

எனக்கு நேர் கீழே, மதிலோடு ஒட்டிக்கொண்டு, கொடியின் நிழலுக்குள் அக்கா குந்தியிருந்தார்.

முகம் மேலே நிமிர்ந்திருந்தது. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. கன்னத்து எலும்பு தெரிந்தது. மாம்பழ நிறச் சேலைதான். கரை முழுக்கக் கிழிந்திருந்தது. என்னைப் பார்த்தபடி இரண்டு கையையும் குவித்துத் தலைக்கு மேல் வைத்தார். பேயைக் கும்பிடுவார்கள், பேய் கும்பிட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கும்பிடுதான் எனக்குச் சொன்னது, இது உயிரோடு இருக்கிற மனுசி என்று.

பின்னால் துவக்கு. முன்னால் அந்தக் கண்கள். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. மூன்றாந்தரம் விழுந்தது. கல்லை விட்டேன், பிஞ்சு தொங்கியது. சரியா தம்பி என்று திரும்பிக் கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது.

அவன் மறுபடி உரலில் ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே மதிலுக்கு மேலால், அக்கா முற்றத்தின் மறுகரைவரை போயிருந்த கொடியைப் பார்த்தான். உரலில் ஏறியபோதே கண்டிருப்பான், அங்கே தொங்கிய காய்களிலும் கல் இருந்தது. என் கை எட்டாத தூரம் அது. பிறகு என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன்பக்கம் இன்னொருவன் அக்கா வீட்டுப் பூட்டை ஆட்டுகிற சத்தம் கேட்டது. இவன் வெளியே போய்ச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். பூட்டுச் சத்தம் நின்றது. சப்பாத்துகள் ஒழுங்கையில் இறங்கி அடுத்த வீட்டுக்குப் போயின.

அவன் தெரிந்துதான் விட்டானா, எனக்குத் தெரியாது. தெரிந்துதான் என்று நான் நம்புகிறேன்.

கணவர் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகுதான் உரலில் ஏறினேன். அக்கா அசையாமல் அதே இடத்தில் இருந்தார். நான் அக்கா என்று கூப்பிட, அவர் முதலில் கேட்டது தன்னைப் பற்றி அல்ல.

"அண்ணன்ர பிள்ளையளும் போட்டுதுகளோ?"

நான் ஒப்பாரி வைத்தபோதுதான் அவருக்கு அது தெரிந்திருக்கிறது. பெற்ற வயிறு படகேற விடவில்லை. மகனை விட்டால் நேரே இந்த வீட்டுக்குத்தானே வருவான், வாசலில் நின்று கூப்பிடும்போது நான் இல்லாவிட்டால் என்று அண்ணனிடம் மன்றாடியிருக்கிறார். தனியாக ஒரு பெண் இருப்பது தெரிந்தால் ஆபத்து என்று, வெளியால் பூட்டு ஒன்றைப் போட்டு அதன் திறப்பை அண்ணன் கொண்டுபோனார். போய்ச் சேர்ந்ததும் ஆளனுப்புவதாகச் சொன்னவர் கடலோடு போனார். எங்களிடம் சொன்னால் எங்களையும் விசாரிப்பார்கள் என்று அக்கா மூச்சுக் காட்டவில்லை. கிணற்றில் கப்பி சத்தம் போடும் என்று வாளியைக் கையால் இறக்கி இழுத்தார். புகை தெரியும் என்று அடுப்பு மூட்டாமல் அரிசியை ஊறவைத்துத் தின்றார். அரிசி முடிந்ததும் முருங்கையிலை. முன்வாசல் செடிகளைத் தெரிந்தேதான் சாகவிட்டார். செடி பச்சையாக இருந்தால் வீட்டில் ஆளிருப்பது தெரிந்துவிடுமே.

இவ்வளவும் கேட்டபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தலைக்கு மேல் இத்தனை காய் தொங்கப் பட்டினி கிடந்தீர்களே, ஒன்றைப் பிடுங்கித் தின்றால் நான் என்ன வழக்கா போடப்போகிறேன் என்று கத்தினேன். மெதுவாய்க் கதையும் என்று கணவர் கீழே நின்று என் சேலையை இழுத்தார்.

"உங்கட காய் எல்லோ தங்கச்சி. கேக்காமல் எப்பிடித் தொடுறது?" என்றார் அக்கா. "என்ர செடியளை என்ர கையாலயே சாகவிட்டனான். இதையாவது சுருளாமல் பாப்பம் எண்டுதான்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

"நேற்று நீங்கள் அழுது கூப்பிட்டியள். சாப்பாடு எனக்கெண்டு வைச்சதுதானே எண்டு எடுத்துத் திண்டனான். திண்டு முடிய எனக்கு ஒரு பயம் வந்திட்டுது. நான் செத்துத்தான் போனனோ, எனக்குத்தான் தெரியேல்லையோ எண்டு."

நான் மதிலுக்கு மேலால் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். எலும்புதான், ஆனால் சூடு இருந்தது. அந்தச் சூட்டுக்காகத்தான் அன்று அப்படி அழுதேன்.

இரண்டு மூன்று நாள் மதிலுக்கு மேலால் கஞ்சி கொடுத்தோம். பிறகு கணவர் துணிந்து, கிராம சேவகரையும் கோயில் ஐயரையும் கூட்டி வந்து, பட்டப்பகலில் நாலு பேர் பார்க்கப் பூட்டை உடைத்தார். அக்கா பதிவில் ஏறினார், பங்கீட்டு அரிசி கிடைத்தது. வீட்டை விட்டு வரச்சொல்லி எத்தனையோ பேர் கேட்டோம். வரமாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் மாற்றலாகிப் போன பிறகும், கண்மூடும்வரை அந்த வீட்டிலேயே இருந்தார். மகன் வரவேயில்லை.

எங்கள் பகுதியில் இப்போதும் பூட்டிக் கிடக்கிற வீடுகள் உண்டு. பாதி இடிந்தவை, முற்றத்தில் பற்றை ஏறியவை. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் வாசல் படலையடியில் நின்று, வீட்டில் ஆரும் இருக்கிறியளோ என்று ஒரு தரம் கேட்பேன். கூட வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பதில் வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் கடந்துபோக இன்றுவரை எனக்கு ஏலாமல் இருக்கிறது.